சபையிலே ஒரு குரல்

எங்கள் பாடசாலையிலே மாணவர் பாராளுமன்றம் ஒன்று உண்டு. இது மல்லாவிக்கு மட்டும் உரிய புதுமையன்று; நாட்டின் பல பாடசாலைகளிலும் நடைபெறுவதே. சபாநாயகர் உண்டு, பிரதமர் உண்டு, மந்திரிமாரும் உண்டு. சென்ற தவணையில் நடந்த அமர்விலே பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, மைதானத்துக்கு அருகிலுள்ள குடிநீர்க் குழாய் எப்போது திருத்தப்படும் என்று வினவினாள். சுகாதார மந்திரியாக அமர்ந்திருந்த மாணவன், "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று விடையிறுத்தான். இவ்விடையை அவன் எங்கே கற்றானோ அறியேன். என்னிடமே கற்றிருத்தலுங் கூடும். அம்மாணவி உட்காரவில்லை. "எந்தத் திகதிக்கு முன்?" என்று கேட்டாள். சபை சிரித்தது. மந்திரி என் முகத்தைப் பார்த்தான்.

அவள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பாராளுமன்ற வழக்கிலே துணை வினா என்று பெயர். முதல் வினா முன்னரே எழுத்திற் கொடுக்கப்படுவது. அதற்குரிய விடையை அலுவலர்கள் எழுதி மந்திரியின் கையிலே கொடுத்துவிடுவர். துணை வினாவோ எழுதிக் கொடுக்கப்படுவதன்று. மந்திரிக்குத் தம் துறை தெரியுமா, அன்றி அத்தாள் மட்டுந்தான் தெரியுமா என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

இந்தியாவிலே 1957ஆம் ஆண்டில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் பணம் முந்திரா என்னும் வணிகரின் நிறுவனங்களிலே முதலிடப்பட்டதுபற்றிச் சபையில் வினாக்கள் எழுந்தன. அவ்வாண்டு டிசெம்பரிலே பெரோஸ் காந்தி அவ்விடயத்தைப் பிடித்துக்கொண்டு நிகழ்த்திய உரை ஒரு விசாரணைக்கு வழிவகுத்தது. 1958 பெப்ரவரியிலே நிதி மந்திரி தி. த. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர்; பிரதமர் நேருவின் மருமகர் வேறு. ஒருவர் கேட்ட கேள்விகளால் ஒரு மந்திரிசபை அசைந்தது. எல்லாச் சபைகளிலும் இப்படி நிகழும் என்று எண்ணிவிடலாகாது. கேள்வி கேட்டவர் தோற்ற கதையையே இன்று நான் சொல்ல வந்தேன்.

1947ஆம் ஆண்டிலே தெரிவான இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்தில், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தொகை 101. அவர்களுள் எழுவர் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். தொண்டமானும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருள் அடங்குவர். சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்திலே பிரஜாவுரிமைச் சட்டமூலம் சபைக்கு வந்தது.

அச்சட்டத்தின் கோரிக்கை கேட்பதற்கு எளிமையானது. இலங்கையிலே பிறந்த ஒருவர் பிரஜையாக வேண்டுமாயின், அவருடைய தந்தையும் இலங்கையிலே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். நேயர்களே, இந்த இடத்திலே சற்று நின்று, உங்கள் தந்தையாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றதா என்று எண்ணிப் பாருங்கள். பாட்டனாருடையது? பூட்டனாருடையது? வன்னியிலே வாழும் எங்களுள் எத்தனை பேர் அவற்றை எடுத்துக் காட்டுவோம்? சட்டம் எல்லார்க்கும் பொதுவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பத்திரங்களைத் தோட்டத்து லயங்களிலே வாழ்ந்தவர்களிடமே கேட்டார்கள், ஏனையோரிடம் கேட்கவில்லை.

அவ்வாண்டு டிசெம்பரிலே இரண்டாவது சட்டமூலம் வந்தது. இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் என்பது அதன் பெயர். பதிவு செய்து பிரஜையாவதற்கு அது ஒரு வழியைத் திறந்தது என்பது அரசாங்கத் தரப்பின் வாதம். அந்த வழி எத்துணை ஒடுங்கியதென்பதையும் பார்த்தல் வேண்டும். 1946ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்திருத்தல் வேண்டும். ஊருக்குப் போனவர் ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் அத்தொடர்ச்சி முறிந்ததாகும். போதிய வருமானமும் காட்டுதல் வேண்டும். இவ்வளவையும் இரண்டே ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து நிரூபித்தல் வேண்டும்.

அந்த விவாதத்திலே எழுந்து பேசியவர்களுள் ஒருவர் காங்கேசன்துறை உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம். மேடையை அதிரச் செய்யும் பேச்சாளர் அல்லர் அவர், சிவில் வழக்குகளிலே பழகிய சட்டத்தரணி, மெல்லிய குரலினர். அவருடைய கட்சித் தலைவராகிய ஜி. ஜி. பொன்னம்பலம் அதற்கு முன்னரே மந்திரிசபையிலே சேர்ந்து, அச்சட்டமூலத்தை ஆதரித்தார். செல்வநாயகமோ எதிர்த்தார். அவர் ஆங்கிலத்திற் பேசியதன் கருத்து இது: இன்று இந்தியத் தமிழர்மீது சட்டம் பாய்கின்றது, இவ்வரிசையிலே அடுத்து வருவது மொழிப் பிரச்சினை, அப்போது நாம் எங்கே நிற்கின்றோம் என்பது தெரியவரும், அதுவுங்கூட முடிவாக இராது.

சட்டமூலம் நிறைவேறிற்று. அவருடைய பேச்சினால் ஒரு வாக்கேனும் மாறியதாகத் தெரியவில்லை.

எங்கள் வன்னியின் உறுப்பினர் அன்று என்ன செய்தார் என்பதையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். அப்போது வவுனியாத் தொகுதியின் உறுப்பினர் செ. சுந்தரலிங்கம். உரும்பிராயிலே பிறந்து ஒக்ஸ்போட்டிலே பயின்றவர், கணிதப் பேராசிரியர், சுயேச்சையாக வென்று வணிக மந்திரியானவர். ஆகஸ்ட் மாதத்துச் சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரிசபையிலே அவரும் ஒருவர். டிசெம்பரிலே இரண்டாவது சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் சபையை விட்டு எழுந்து வெளியேறினார். பிரதமர் விளக்கங் கேட்டார். மந்திரிப் பதவி போயிற்று. அவரது நெஞ்சுறுதியை நான் மதிக்கின்றேன். எனினும் நான்கு மாதம் பிந்திய உறுதி அது. கணக்கிலே வல்லவர்க்கு முதற் சட்டத்தின் விடை ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கவில்லையா என்ற வினா எனக்கு இன்றும் உண்டு.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1949ஆம் ஆண்டிலே தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதோர் வாக்குரிமை இழந்தனர். அவ்வாண்டு டிசெம்பரிலே செல்வநாயகமும் அவரது தோழர்களும் தமிழரசுக் கட்சியை நிறுவினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசின் உறுப்பினர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அதே தேர்தலில், அவர்களுக்காகப் பேசிய செல்வநாயகமும் காங்கேசன்துறையிலே தோற்கடிக்கப்பட்டார். அவரைத் தோற்கடித்தவர்கள் சிங்கள மக்கள் அல்லர், எம்மவரே. 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. எட்டாண்டுக்கு முன் மெல்லிய குரலிலே சொல்லப்பட்டதை அப்போதுதான் வடக்கு உரத்துப் பேசத் தொடங்கியது.

வினாக்களின் பயனை இங்கேதான் நான் காண்கின்றேன். பதிவுக்காகக் கொடுக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம். அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பிரஜாவுரிமை பெற்றவர்களோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. ஒரு தொகையை இன்னொரு தொகையின் அருகே வைத்தால், எதிர்ப்பேச்சு எதுவும் வேண்டியதில்லை. அப்படி வைக்குமாறு அரசாங்கத்தை வற்புறுத்தக்கூடியது வினா ஒன்றே. எஞ்சியோரின் கதியை 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டுத் தீர்த்தனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களுள் இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிகுதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பின்னர் பேசிக்கொள்வதற்கு. நெல் மூடைகளைக்கூட நாங்கள் இதைவிடக் கவனமாகப் பிரிப்போம்.

நான் இக்கதையை இன்று சொல்வதற்குக் காரணமான ஒரு பத்திரம் உண்டு. குழாயைப்பற்றிக் கேட்ட அந்த மாணவியின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்துக்காக அவளுடைய பாட்டி பாடசாலைக்கு வந்திருந்தார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அது. பேத்தியின் பத்திரங்களே போதும் என்று நான் சொல்லியும் கேளாமல், அவர் ஒரு பொலித்தீன் பையைப் பிரித்தார். உள்ளே இன்னொரு பை. அதனுள்ளே தம் கணவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

"ஐயா, இது போதுங்களா? இன்னும் ஏதாச்சும் கேப்பாங்களா?" என்றார்.

"இது தேவையில்லை அம்மா, பத்திரமாக வைத்திருங்கோ" என்றேன்.

2009ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே நான் என்னுடைய பட்டச் சான்றிதழையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் இழந்தேன். அதே பாதையால், அதே நாட்களில் நடந்த இந்த மூதாட்டி அந்த ஒற்றைத் தாளை இழக்கவில்லை. எனக்கு என் பத்திரங்கள் பின்னர் பிரதியாகக் கிடைத்தன. தம்முடையது தொலைந்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்புவதற்கு அவருடைய வாழ்க்கை அவருக்கு எந்தக் காரணத்தையும் தரவில்லை.

மலைநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளைத் தோட்டக்காட்டார் என்று பழித்துக் கூறுதலை நான் என் பாடசாலை வளவிலேயே கேட்டிருக்கின்றேன். கூறியவர்கள் சிறுபிள்ளைகள், அச்சொல்லை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். 1948ஆம் ஆண்டின் வாக்கெடுப்பைப்பற்றி வகுப்பிலே பேசும்போது நாங்கள் கொழும்பையே சுட்டிக்காட்டிப் பழகிவிட்டோம். அந்த வாக்கெடுப்பிலே வடக்கின் உறுப்பினர்களுட் சிலர் எந்தப் பக்கம் கை உயர்த்தினர் என்பதையும் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வருகின்றேன். சில பெற்றோர்க்கு அது பிடிப்பதில்லை.

2003ஆம் ஆண்டிலே, 35ஆம் இலக்கச் சட்டத்தினால், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டிலே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது. பாராளுமன்றம் அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. செல்வநாயகம் 1977இலும், வேலுப்பிள்ளை 1984இலும், சுந்தரலிங்கம் 1985இலும், தொண்டமான் 1999இலும் மறைந்துவிட்டனர். அவர்கள் பேசியவை பாராளுமன்ற அறிக்கையாகிய ஹன்சாட்டிலே, அவர்களை எதிர்த்துப் பேசப்பட்டவற்றின் அருகிலேயே, அச்சாகிக் கிடக்கின்றன. தோற்ற பேச்சையும் வென்ற பேச்சையும் ஒரே அளவு எழுத்திலே அச்சிடும் நூல் அது.

மாணவர் பாராளுமன்றத்தின் அடுத்த அமர்வுக்குரிய வினாக்கள் இப்போது என் மேசைக்கு வந்திருக்கின்றன. குழாய்க்குரிய திகதியை அந்த மாணவி மீண்டும் கேட்டிருக்கின்றாள். இம்முறை எழுத்திலே, மந்திரிக்கு அன்றி அதிபருக்கே. அமர்வுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. குழாய் திருத்துபவரை நாளைக் காலை வரச் சொல்லியிருக்கின்றேன்.