சாத்தே தொடுகறி: ஒரு பந்தி கற்பித்த பாடம்

(ஆண்டு விழாவில் மாதர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



விழா மேடையில் சமையலைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கின்றோம். பூக்கட்டும். சென்ற ஆண்டுப் பொதுப்பந்தியில் எங்களால் நேர்ந்த ஒரு பிழையையும், அதனின்று நாங்கள் கற்றதையும் ஒளியாது கூறவே இங்கு நிற்கின்றோம்.

அன்று தாய்லாந்து முறையில் வேர்க்கடலைத் தொடுகறி செய்தோம். அதற்கு வேண்டிய செம்மிளகாய் விழுதைக் கடையில் வாங்கினோம். அனைவரும் சுவைத்து உண்டனர். பாத்திரம் கழுவும்பொழுதுதான் புட்டியின் மீதிருந்த சிற்றெழுத்துகளைப் படித்தோம். இறால் சேர்ந்த விழுது அது! ஊன் உண்ணாத மூதாட்டியார் ஒருவர் இருமுறை கேட்டு வாங்கி உண்டிருந்தார். சொல்வதா, மறைப்பதா என்று நெஞ்சம் ஊசலாடிற்று. இறுதியில் அவர் இல்லம் சென்று உரைத்தோம். சற்று நேரம் கண்மூடியிருந்தவர், “தெரியாமல் நேர்ந்ததுதானே, அம்மா! மறைக்காமல் வந்து சொன்னீர்களே, அது போதும். அடுத்த முறை நீங்களே அரைத்துச் செய்யுங்கள், நான் வந்து உண்கிறேன்” என்றார். அந்தச் சொல்லே இன்று எங்களை அம்மிக்கு அனுப்பியது.

சாத்தே என்பது சாவகத் தீவில் பிறந்த உணவு. குச்சியில் கோத்துத் தணலில் வாட்டிய இறைச்சி அது. மலாய் நாட்டிலும் தாய்லாந்திலும் அது பரவிற்று. தாய்லாந்தினர் தம் மிளகாய் விழுதையும் தேங்காய்ப் பாலையும் கூட்டித் தொடுகறியைத் தமதாக்கிக்கொண்டனர். வேர்க்கடலையோ தென் அமெரிக்காவில் தோன்றியது. நம்மில் சிலர் அதை இன்றும் மணிலாக்கொட்டை என்றே அழைக்கின்றோம். ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றிய பண்டங்கள் இவை; நம்மைப் போலவே!

இனிச் செய்முறையைக் கேளுங்கள். ஊறவைத்து விதை நீக்கிய வற்றல் மிளகாய் 8, சின்ன வெங்காயம் 6, பூண்டுப் பல் 6, எலுமிச்சைப்புல்லின் இளந்தண்டு 1, கட்டைவிரல் அளவு பேரரத்தை, வறுத்த கொத்துமல்லி விதை ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை உப்புடன் மைய அரைத்துக்கொள்க. இறாலுக்கும் மீன் சாற்றுக்கும் ஈடாக உப்பே அமையும்.

வேர்க்கடலை 150 கிராம் எடுத்து, பூஞ்சை படிந்தவற்றையும் சுருங்கியவற்றையும் கழித்துவிடுக. அப்பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முற்றும் அழியாது. நல்லவற்றைச் சிவக்க வறுத்து, தோல் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடிக்க.

தேங்காயின் முதற்பால் ஒரு கிண்ணமும் இரண்டாம் பால் ஒரு கிண்ணமும் தேவை. முதற்பாலில் பாதியைக் காய்ச்சி, அதில் இரண்டு மேசைக்கரண்டி விழுதையிட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குக. இரண்டாம் பால், கடலைப்பொடி, பனைவெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல் ஆகியவற்றைச் சேர்த்து, இளந்தீயில் பத்து நிமிடம் கிளறுக. எஞ்சிய முதற்பாலை இறுதியில் ஊற்றி, கொதிக்குமுன் இறக்குக. பொங்கிக் கொதித்தால் பால் திரியும். ஆறினால் இறுகும், வெந்நீர் தெளித்து இளக்கலாம். புளிப்பும் இனிப்பும் உப்பும் ஒன்றையொன்று விஞ்சாதிருப்பதே பதம். வாட்டிய பன்னீருக்கும் அவித்த காய்களுக்கும் இது நன்கு இயையும். காடியில் ஊறிய வெள்ளரித் துண்டுகளை உடன் வைப்பது தாய்லாந்து வழக்கம்.

மற்றொன்றும் கூறி அமைகின்றோம். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குச் சிறு துளியும் உயிருக்கு ஊறு விளைக்கலாம். ஆகவே, இவ்வாண்டுப் பந்தியில் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் உள்ளவற்றை எழுதி வைத்துள்ளோம். கரண்டிகளும் தனித்தனியே உள்ளன.

சொந்த ஊரில் உறவினர் சூழ உண்கின்றோம். இங்கோ, பிறர் கையை நம்பி உண்கின்றோம். அந்த நம்பிக்கையே நம் சங்கத்தின் அடித்தளம். அதைக் காப்பது அடுக்களையின் கடமை. அந்த மூதாட்டியார் இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இலையில் முதற்கரண்டியை இட்டுப் பந்தியைத் தொடங்குவோம்.