வெளிநாட்டு அக்கவுண்ட்டை வரிக் கணக்கில் காட்டிவிட்டீர்களா?
(ஊர் திரும்பிய வெளிநாடுவாழ் தமிழர்களுக்கான இணையவழி விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "அங்கே ஒரு பேங்க் அக்கவுண்ட் இன்னும் இருக்கு. அது தப்பா?"

தப்பே இல்லை. வெளிநாட்டில் குடியிருந்தபோது முறையாகச் சம்பாதித்த பணத்தை, திரும்பி வந்த பிறகும் அங்கேயே வைத்திருக்க 1999ஆம் ஆண்டின் ஃபெமா சட்டம் அனுமதிக்கிறது. வைத்திருப்பது குற்றமல்ல, காட்ட வேண்டிய நேரத்தில் காட்டாமல் விடுவதுதான் சிக்கல்.

அந்த நேரம் எப்போது வரும்? ஓர் உதாரணம் சொல்றேன். ஒருவர் 12 வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்புகிறார். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தாலே அவர் 'ரெசிடென்ட்' ஆகிவிடுவார். ஆனாலும் முதல் இரண்டு, சில சமயம் மூன்று நிதியாண்டுகளுக்கு அவருக்குச் சலுகை உண்டு. அங்கே கிடைக்கும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அந்த அக்கவுண்ட்டைக் காட்ட வேண்டியதும் இல்லை.

அந்தச் சலுகை முடிகிற வருஷம்தான் பலருக்கும் தெரியாமலே கடந்துபோகிறது. அதற்குப் பிறகு மூன்று விஷயங்களை மறக்காதீங்க.

ஒன்று, வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.

இரண்டு, எளிமையான ஐ.டி.ஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது. ஐ.டி.ஆர்-2 படிவத்தில், தொழில் வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்-3இல், 'ஷெட்யூல் எஃப்.ஏ.' பகுதியை நிரப்புங்க. இதில் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை அல்ல. ஜனவரி முதல் டிசம்பர் வரை.

மூன்று, "அங்கே வரி இல்லை, அதனால் இங்கேயும் இல்லை" என்று நினைக்காதீங்க. அந்த வட்டிக்கு இங்கே வரி உண்டு. அங்கே வரி பிடித்திருந்தால், ஒப்பந்தப்படி அதைக் கழித்துக்கொள்ளலாம்.

காட்டாவிட்டால்? 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். வீடு, மனை தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் கிடையாது என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். அதற்காக, காட்டவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கணக்கில் வராத சொத்து என்று முடிவானால் 30 சதவீத வரி, அதைப்போல மூன்று மடங்கு அபராதம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஜெயில் தண்டனையும் உண்டு.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்காதீங்க. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உட்பட 100க்கும் மேற்பட்ட நாடுகள் வங்கி விவரங்களைத் தாங்களாகவே பரிமாறிக்கொள்கின்றன. 2024 நவம்பரில், இப்படிக் கிடைத்த தகவலை வைத்தே வருமான வரித் துறை பலருக்கு எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அனுப்பி, ரிட்டர்னைத் திருத்தச் சொன்னது.

அப்படி ஒரு மெசேஜ் வந்தால் பயப்படவும் வேண்டாம், அதிலுள்ள லிங்கைத் தொடவும் வேண்டாம். துறையின் இ-ஃபைலிங் தளத்தில் நீங்களே லாகின் செய்து பாருங்க. விட்டுப்போயிருந்தால் கெடு முடிவதற்குள் ரிட்டர்னைத் திருத்துங்க. குழப்பமாக இருந்தால், ஊர் திரும்பிய தேதி தெரிகிற பாஸ்போர்ட், அந்த வங்கியின் ஸ்டேட்மென்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம். அதைக் கணக்கில் காட்டிவிட்டு நிம்மதியாக வைத்திருங்க.