பத்து நிமிஷம் கழிச்சு ஏன் ஸ்டக் ஆகுது?

“அண்ணா, கேம் நடுவுல ஸ்டக் ஆகுது, புது லேப்டாப் வாங்கியே ஆகணும்”னு தம்பி வந்து நின்னான். எட்டு வருஷப் பழசுங்க அது. அம்மாகிட்ட இ.எம்.ஐ. பேச்சு வரைக்கும் போயாச்சு.

எப்போ ஸ்டக் ஆகுதுன்னு கேட்டேன். ஆரம்பிச்ச பத்து நிமிஷம் கழிச்சாம். பிங் ஏறவே இல்ல. அப்போ நெட் இல்லைங்க, சூடு. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவெச்சு விளையாடினோம்: 2.7 கிகாஹெர்ட்ஸில் ஓடின ப்ராசஸர், ஸ்டக் ஆகும்போது 0.8-க்கு விழுது!

பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துட்டுக் கழட்டினா, ஹீட் சிங்க் முழுக்கக் கம்பளி மாதிரி தூசி. சுத்தம் பண்ணி, காய்ஞ்ச தெர்மல் பேஸ்ட்டை மாத்தினோம். பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினேன். டர்போ பூஸ்ட் நின்னுடும். எஃப்.பி.எஸ். கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா ஸ்டக் இல்லை.

தம்பி முகத்துலதான் சந்தோஷம் இல்லை. புது லேப்டாப் போச்சே!