கட்டடத் தொழிலாளரின் மனநலமும் பாதுகாப்பும்
(நாக்பூர்த் தமிழ்ச் சங்கத்தார் கூடிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இப்பொருளைப் பற்றிப் பேச மருத்துவரோ பொறியாளரோ அன்றோ தக்கவர், ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் காலனியைச் சுற்றிலும் நாள்தோறும் புதிய கட்டடங்கள் எழும்புகின்றன. நாளை அவற்றில் குடியேறப் போகிறவர்கள் நம் போன்ற குடும்பத்தினரே. நமக்காகச் சாரத்தின்மேல் நிற்பவனுடைய நலத்தைப் பற்றிச் சிந்திக்கும் கடமை நமக்கும் உண்டு. அந்த உரிமையிலேயே பேசத் துணிந்தோம்.

கட்டட விபத்து என்றவுடன் நம் எண்ணத்தில் தோன்றுவன இற்றுப்போன கயிறும், ஆடுகின்ற பலகையும், முட்டுக் கொடுக்காத சென்ட்ரிங்கும் ஆகும். இவை காரணங்களே; மறுப்பதற்கில்லை. ஆயினும் கயிறும் பலகையும் செம்மையாக இருந்த இடத்திலும் மனிதன் விழுகிறான். அவன் இடுப்பில் பாதுகாப்பு வார் இருக்கிறது. அதன் கொக்கிதான் கம்பியில் மாட்டப்படவில்லை. கொக்கியை மாட்டுவது கை. மாட்ட வேண்டும் என்று நினைப்பது மனம். மனம் வேறெங்கோ இருக்குமாயின், வார் இருந்தும் பயனில்லை. நாம் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே: தொழிலாளியின் மனமும் சாரத்தின் ஒரு கால், அது ஆடினால் சாரமே ஆடும்.

அவனுடைய மனம் ஏன் வேறெங்கோ செல்கிறது? ஊரை விட்டுப் புறப்படும்போதே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். அக்கடன் தீரும்வரை கூலி முழுமையாகக் கைக்கு வருவதில்லை. ஊரில் தாய்க்கு நோய், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம், தங்கைக்குத் திருமணம் என்று செய்தி வருகிறது. பகலெல்லாம் செங்கல் சுமந்தவன் இரவில் தகரக் கொட்டகையில் படுக்கிறான். நம் நாக்பூரில் மே மாதத்து வெயில் 45 பாகையைத் தொடுவதை நாமெல்லாரும் அறிவோம். அந்தத் தகரத்தின்கீழ் உறக்கம் எப்படி வரும்?

உறக்கமின்மையை அற்பமாக எண்ணலாகாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கையும் கண்ணும், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 வீதம் மது கலந்தவருடைய கையையும் கண்ணையும் போலவே தடுமாறுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். குடித்துவிட்டு வந்தவனைச் சாரத்தில் ஏற்ற எந்த மேஸ்திரியும் தயங்குவான். உறங்காமல் வந்தவனை ஏற்ற எவரும் தயங்குவதில்லை.

மற்றொரு காரணம் அச்சம். பலகை ஒன்று ஆடுவதைக் காண்பவன் முதலில் காலில் உணர்பவனாகிய தொழிலாளியே, பொறியாளர் அல்லர். அவன் அதை உடனே சொன்னால் பத்துப் பேர் பிழைப்பார்கள். ஆனால் சொன்னால் வசவு கிடைக்குமோ, வேலை போய்விடுமோ என்று அஞ்சி வாய் மூடுகிறான். மொழி தெரியாத ஊராக இருந்துவிட்டால் சொல்ல நினைத்தாலும் சொல் வருவதில்லை. வெளியூரில் மொழியறியாது நிற்பது எத்தகையது என்பதை நம் காலனியாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வள்ளுவர் இனியவை கூறலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அது வீட்டுக்கும் அவைக்கும் மட்டும் உரியதன்று. கட்டட வேலைத்தலத்துக்கும் உரியது. மேஸ்திரியின் நாவில் கடுமை குறைந்தால், தொழிலாளியின் நாவில் உண்மை வரும். உண்மை வந்தால் விபத்து விலகும்.

இத்துன்பம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,64,033 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். அவர்களுள் 42,004 பேர் நாட்கூலிகள். அதாவது நால்வரில் ஒருவர். இவர்கள் அனைவரும் கட்டடத் தொழிலாளர் அல்லர். எனினும் நாட்கூலியாளர் பெருவாரியாக உழைக்கும் தொழில்களுள் கட்டடத் தொழிலும் ஒன்று.

இருள் பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. மனத்தைக் காத்தால் உயிரைக் காக்கலாம் என்பதற்குச் சான்றும் உண்டு. 2023 நவம்பர் 12, தீபாவளித் திருநாள். உத்தரகாண்ட் மாநிலத்தில் சில்க்யாரா என்னுமிடத்தில் மலைச் சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டனர். 17 நாட்கள் அவர்கள் பாறைக்குள் இருந்தனர். காற்றும் உணவும் மருந்தும் குழாய் வழியே சென்றன. அதே குழாய் வழியே மனிதக் குரலும் சென்றது. உறவினர் பேசினர், மருத்துவர் பேசினர், மனநல மருத்துவர்களும் பேசினர். உள்ளே இருந்தவர்களும் ஒருவர்க்கொருவர் தைரியம் கூறி, நடைப்பயிற்சியும் யோகாசனமும் செய்து பொழுதைக் கழித்தனர். இயந்திரங்கள் பழுதுபட்டு நின்ற நாட்களிலும் அவர்கள் மனம் உடைந்து போகவில்லை. நவம்பர் 28 அன்று எலி வளைச் சுரங்கத் தொழிலாளர் கையால் தோண்டி வழி திறக்க, 41 பேரும் உயிருடன் வெளியே வந்தனர். குழாயில் சென்ற சோறு உடலைக் காத்தது. குழாயில் சென்ற சொல் உள்ளத்தைக் காத்தது. மலை இடிந்த பிறகு காட்டிய இந்தக் கருதலை, இடியும் முன்பே எல்லா வேலைத்தலங்களிலும் காட்டினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நம் ரயில்வேத் துறையையே பாருங்கள். வண்டி ஓட்டுபவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கண்ணும் செவியும் சோதிப்பதோடு மனத்திறன் தேர்வும் உண்டு. லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ.வில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. வண்டி ஏறுமுன் மது அருந்தியிருக்கிறாரா என்று ஓட்டுநரின் மூச்சைச் சோதிக்கிறார்கள். வெளியூரில் இறங்கியவர் உண்டு உறங்க ரன்னிங் ரூம் இருக்கிறது. குறைகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓய்வும் பாதுகாப்பின் ஓர் அங்கம் என்ற கொள்கையை ரயில்வே ஏற்றுக்கொண்டுள்ளது. பத்தாவது மாடியின் விளிம்பில் நிற்பவனுக்கு அந்தக் கொள்கை ஏன் பொருந்தாது?

சட்டம் இதை அறவே மறந்துவிடவில்லை. 1996-ஆம் ஆண்டில் கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வேலைத்தலத்தில் தங்குமிடம், குடிநீர் ஆகியன வேண்டுமென்றும், பெண்கள் 50 பேருக்கு மேல் உழைக்குமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும் அது விதித்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு 1 வீதம் தீர்வை திரட்டி நலவாரியங்களுக்கு அளிக்கும் ஏற்பாடும் வந்தது. 2020-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இப்பொருள்கள் சேர்க்கப்பட்டன. நிழலும் நீரும் குழந்தைக்குக் காவலும் உடலுக்கு மட்டும் உரியன என்று எண்ண வேண்டா. தொட்டிலில் குழந்தை பத்திரமாக உறங்குகிறது என்று அறிந்த சித்தாளின் கால், ஏணியில் உறுதியாகப் பதியும்.

ஆஸ்திரேலியாவில் 2008-ல் ஒரு நல்ல முயற்சி தொடங்கியது. சக தொழிலாளியின் முகவாட்டத்தைக் கண்டறிந்து, அவனோடு பேசி, தக்க உதவியிடம் கொண்டு சேர்க்கத் தொழிலாளருக்கே அங்குப் பயிற்சி அளிக்கிறார்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. “ஏனப்பா, இன்று சோர்ந்திருக்கிறாய்?” என்று கேட்கும் ஒருவன் தேவை, அவ்வளவே.

இனி, காலனிக் குடும்பத்தினராகிய நாம் செய்யக் கூடியவை யாவை? வீடு கட்டுவோரும் மராமத்துச் செய்வோரும் கிரகப்பிரவேச முகூர்த்தத்தை முதலில் குறித்துவிட்டு, அந்த நாளுக்குள் முடிக்கும்படி மேஸ்திரியை நெருக்குவது எங்கும் காணும் வழக்கம். மேஸ்திரி ஆட்களை நெருக்குகிறான். விளக்கு வெளிச்சத்தில் வேலை நடக்கிறது. பூச்சு உலர்ந்த பின் நாள் பார்த்தால் தெய்வம் கோபித்துக் கொள்ளாது. கூலியைச் சொன்ன நாளில் கொடுத்துவிட வேண்டும். அது தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரிக்க வேண்டும். வெயில் வேளையில் ஒரு பானைத் தண்ணீரும் சற்று நிழலும் அளிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த மொழியில் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. மனத்துயர் உற்றவர் இரவும் பகலும் கட்டணமின்றி அதில் பேசலாம்; தமிழ், இந்தி முதலிய பல மொழிகளிலும் பேசலாம். இந்த எண்ணை நம் வீட்டு வேலைக்கு வரும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எழுதிக் கொடுப்பது சிறு செயல். அது ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கிறார். அவருடைய உள்ளம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு, அச்சுவருக்குள் வாழப் போகிற நமக்கு உண்டு. இதனை மனத்தில் கொள்ளுமாறு வேண்டி அமைகின்றோம்.

வாழ்க உழைப்போர்! வளர்க நம் சங்கம்!