கடலும் மழையும் நம் ஊர் வியாபாரமும்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



ஒரு நாடு எதை விற்கும், எதை வாங்கும் என்பதில் பாதியை அதன் இருப்பிடமும் வெயிலும் மழையும் மண்ணும் தீர்மானிக்கின்றன. தூத்துக்குடியைப் பாருங்கள். பக்கத்திலேயே கடல், கடும் வெயில், குறைந்த மழை. அதனால் அங்கே உப்பளங்கள்.

மீதிப் பாதி மனிதர் கையில். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். பிறகு கடலுக்குள் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். 1881-ல் புயல் அதை உடைத்தது. விடவில்லை, மறுபடியும் கட்டினார்கள்.

அதன் பலன் நம் வாசலிலேயே இருக்கிறது. பாடியிலும் அம்பத்தூரிலும் இரும்புச் சுரங்கமோ ரப்பர் தோட்டமோ இல்லை. ஆனால் துறைமுகமும் ரயிலும் சாலையும் இருந்ததால் வாகன உதிரிபாகத் தொழில் வளர்ந்தது. 1964-ல் தொழிற்பேட்டையும் வந்தது.

இயற்கையை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது, இயந்திரங்கள் மூழ்கின. பட்டறை நின்றால் ஆர்டர் தவறும். ஆர்டர் தவறினால் வாங்குகிறவர் வேறு ஊரைத் தேடுவார். நம் பிள்ளைகளின் சம்பளமும் அதோடு போகும்.

வங்கியில் பேரேடு எழுதியவன் சொல்கிறேன்: ஏரியும் மழைநீர்க் கால்வாயும் சொத்துக் கணக்கில் வரவேண்டியவை. அவற்றில் குப்பை கொட்டாமல் இருப்பதும், அடைப்பைக் கண்டால் மழைக்கு முன்பே புகார் கொடுப்பதும் நம் பங்கு.