பதின்மூன்று தையல்



“பிள்ளைகளை முரட்டு விளையாட்டில் சேர்ப்பது வளர்ச்சியா, வம்பா?” வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “குத்துச்சண்டை, கிக் பாக்ஸிங்னு அனுப்பி மூக்கு உடைஞ்சா யாருங்க பொண்ணு குடுப்பாங்க?” என்று கேட்டார். ஏனுங்கம்மா, மூக்கு நேரா இருக்கிற எங்களுக்கே எவ்வளவு யோசிச்சுக் குடுத்தாங்க தெரியுமா? (சிரிப்பு)

குத்துச்சண்டையில் 91 கிலோவுக்கு மேல் ஒரு பிரிவு இருந்தது. கிக் பாக்ஸிங்கிலும் அப்படி ஒன்று உண்டு. கீழே வரம்பு இருக்கும், மேலே கிடையாது. எதிரே மலை வந்தாலும் மோதித்தான் ஆகணும். ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் சதீஷ் குமார். புலந்த்ஷஹர் பக்கத்து விவசாயக் குடும்பம். கபடி ஆடிக்கொண்டிருந்த பையன் 2008-இல் ராணுவத்தில் சேர்ந்தார். உயரத்தைப் பார்த்த பயிற்சியாளர்கள் கையில் கிளவுஸை மாட்டிவிட்டார்கள்.

2021-இல் டோக்கியோ. முதல் சண்டையில் ஜமைக்கா வீரரை 4-1 என்று ஜெயித்தார். ஆனால் தாடையும் நெற்றியும் கிழிந்து 13 தையல்! அடுத்து காத்திருந்தவர் யார்? உஸ்பெகிஸ்தானின் ஜலோலோவ். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், உலக சாம்பியன். மனைவி போக வேண்டாம் என்கிறார். அப்பாவோ, பார்க்கவே வேதனையாக இருக்கிறது என்கிறார். மருத்துவர்கள் அனுமதித்த பிறகு, ஆகஸ்ட் 1-ஆம் தேதி மனுஷன் மேடை ஏறினார். மூணு ரவுண்டும் நின்றார். 0-5 என்று தோற்றார். தையல் பிரிந்து ரத்தம் வந்தது. ஜலோலோவ் தங்கம் வாங்கிக்கொண்டு போனார்.

“அடி வாங்கினதுதானே மிச்சம்?” என்பீர்கள். அந்த மனைவியின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பையனைத் தையலோடு ஏற்று என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் புறநானூற்றின் 80-ஆம் பாட்டைப் பாருங்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு மோதி வெல்கிறான். பாடிய சாத்தந்தையாருக்கு அப்போது ஓர் ஆசை. மகனோடு மனவேறுபாடு கொண்ட அவன் தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியை ஒருதரம் பார்க்க வேண்டுமாம்! (கைதட்டல்) பார்க்க முடியாத தகப்பன் இன்றைக்கு மட்டுமல்ல, அன்றைக்கும் இருந்திருக்கிறான்.

எதிரணியைக் கேட்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தோளில் இடித்ததற்கு அடித்துக்கொள்கிறார்களே, அங்கே நடுவர் உண்டா? எடை பார்ப்பார்களா? விழுந்தவனுக்கு எட்டு வரை எண்ணுவார்களா? வளையத்துக்குள் இடுப்புக்குக் கீழே குத்தினால் எச்சரிக்கை, மறுபடி செய்தால் புள்ளி போச்சு. கோபப்பட்டவன்தான் முதலில் தோற்பான். வீட்டில் நாம் ஆயிரம் தடவை சொல்லியும் வராத அடக்கம் அங்கே ஆறு மாசத்தில் வருகிறது. நம்ம அமராவதி நகரிலேயே 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே பையனைச் சேர்க்க வரிசையில் நிற்கிறோம், பக்கத்துத் தெருப் பயிற்சிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பப் பயப்படுகிறோம். இது என்னங்க நியாயம்?

நடுவர் மணியில் கை வைக்கிறார். குத்துச்சண்டையிலும் மணி அடித்தால் ஓங்கின கையை இறக்கியே ஆகணும். (கைதட்டல்)