சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்டீர்கள்?

(மூத்த குடிமக்கள் மையமொன்றில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு உணவுப் பாதுகாப்பு. நான் மொழிபெயர்ப்பாளர். இந்தச் சொல்லே எனக்கு ஒரு தொல்லை. கெட்டுப்போன உணவை உண்ணாமல் இருப்பதையும் தமிழில் உணவுப் பாதுகாப்பு என்கிறோம். நாளைக்குச் சோறு கிடைக்குமா என்ற கவலை இல்லாமல் வாழ்வதையும் அப்படித்தான் சொல்கிறோம். இன்று நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி. ஈக்களைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.

நம் நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி ஜப்பான்காரர் காலம். 1941 டிசம்பரில் அவர்கள் கோத்தா பாருவில் இறங்குவதற்கு முன், மலாயா தான் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. நிலம் ரப்பருக்கு, சோறு கப்பலில். கப்பல் நின்றதும் தோட்டங்களில் மரவள்ளிதான் சாப்பாடு ஆனது. உங்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பாவையோ பாட்டியையோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கிழங்கு வயிற்றை நிரப்பும். அதில் புரதம் மிகக் குறைவு. வயிறு நிறைந்தவர்களுக்கும் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது.

அந்த வீக்கத்துக்குப் பெரிபெரியும் ஒரு காரணம். பெரிபெரியின் கதையில் நம்மவர்களுக்கு ஓர் இடம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்த நோயால் பெருமளவில் இறந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஏன்? அவர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கட்டடத்தில் குறை இருக்குமோ என்று இடத்தையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்கு நோய் வந்தது, சிலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி தின்றவர்கள் தப்பினார்கள். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. (அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி. இன்று அப்படி ஓர் ஆய்வை யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.)

இப்போது கெடாவில் மூடா வயல்கள் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகின்றன. அப்படியும் நமக்குத் தேவையான அரிசி முழுவதையும் நாம் விளைவிப்பதில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. புழுங்கல் அரிசிக்கு வரி போட்டது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. 10 கிலோ 26 ரிங்கிட் உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணில் படவில்லை. டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் நான் ஒரு கிளினிக்கில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்துபோயிருந்த ஒரு பாட்டியிடம், ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார் தாதி. "சாப்பாடெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறீங்களா பாட்டி?" என்றேன். "அதெல்லாம் சாப்பிடுறேன் தம்பி" என்றார். அதையே மலாயில் சொன்னேன். தாளில் குறித்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து அதே பாட்டி கீழே விழுந்து வந்தார். இந்த முறை உணவியல் நிபுணர், நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோறு, ரசம், ஊறுகாய். இரவும் அதுவே. முட்டையும் மீனும் பேரப்பிள்ளைகளுக்கு. விலை ஏறியதிலிருந்து அப்படித்தானாம். முதல் முறை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். ஆனால் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நானாவது கேட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

வயதான உடம்பு தசையை விரைவாக இழக்கிறது. வெறும் சோறு அதைக் காப்பாற்றாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் ஏறும். கோழியும் பெரிய மீனும் வாங்க முடியாத வாரத்தில் முட்டை, கெம்போங் மீன், தெம்பே, தௌபூ, பருப்பு, பச்சைப்பயறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு இவை. முருங்கைக்கீரை வேலியோரத்தில் இருந்தால் அதற்குக் காசு வேண்டாம். மரவள்ளியும் சாப்பிடலாம், தோலை நன்றாகச் சீவி முழுவதும் வேகவைத்த பிறகு. பச்சையாகத் தின்றால் நஞ்சு. சோற்றின் பங்கை அது எடுத்துக்கொள்ளும், மீனின் பங்கை அல்ல.

கால் மரத்துப்போனால், வீங்கினால், நடந்தால் மூச்சு வாங்கினால் வயசுதான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக் குறையாகவும் இருக்கலாம். தினமும் மது அருந்துபவர்களுக்கு இன்றும் பி1 குறைகிறது. கிளினிக்கில் கேட்கும்போது சோறு, ரசம் என்று உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். கையில் காசு போதவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். 60 வயதைத் தாண்டிய வசதியற்றவர்களுக்குச் சமூக நல இலாகா உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க இந்த மையத்திலும் உதவி கேட்கலாம்.

முன்வரிசையில் ஓர் அம்மா, கஞ்சியை வடித்துக் கொட்டலாமா என்று கேட்டார். பச்சரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் இருக்கிற கொஞ்ச பி1 வைட்டமினும் அதோடு போய்விடும் அம்மா. ஒன்றிரண்டு முறை கழுவுங்கள், அளவாகத் தண்ணீர் வையுங்கள். புழுங்கல் அரிசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் அதுவும் கால் தட்டுதான்.